பழைய வோல்வோவின் சிறு விளக்குகள்

சுவீடனைச் சேர்ந்த வோல்வோ நிறுவனம் 1974 முதல் 1993 வரை 26 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்த 240 என்னும் கார், சதுரமான தன் உருவத்தாலும் எளிதில் சலியாத எஞ்சினாலும் உலகெங்கும் அபிமானிகளைச் சம்பாதித்துக்கொண்டது. எனினும், அதன் டாஷ்போர்டுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் விளக்குகளும் ரிலேக்களும் பழுதுபடும்போது, அவற்றைப் பிரித்துக் காரணம் கண்டு சீர்செய்யும் கலையில் எத்தனை சூட்சுமமும் சௌந்தரியமும் பொதிந்திருக்கின்றன என்பதைப் போதிய அளவு யாரும் பாராட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

பாட்டரி சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுவதால், அதற்கு அறிவிப்பதைத் தவிர வேறு வேலை இல்லையென்றே ஓட்டுபவர் எண்ணியிருப்பார். உண்மையிலோ, அந்தப் பல்பின் இழை வழியாகப் போகும் சொற்ப மின்சாரந்தான் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளில் ஆரம்பக் காந்த சக்தியை உண்டாக்குகிறது; ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் பிறப்பித்து, இழையின் இரு முனைகளிலும் வோல்டேஜ் சமமானதும், ஓட்டம் நின்று விளக்கு அவிகிறது. ஆகவே பல்பு எரிந்துபோனால் பாட்டரி சார்ஜ் ஆகாமலே போகக்கூடும். ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் சாவியைத் திருப்பி அந்தச் சிவப்பைத் தேடும் மெக்கானிக்கிடம் எனக்கு அபார மரியாதை உண்டு.

பல்பு போய்விட்டதைத் தெரிவிக்கும் ரிலே இன்னும் விசேஷமானது. கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் இரண்டு மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்க, இடப்பக்க விளக்கின் மின்சாரம் ஒரு திசையிலும் வலப்பக்க விளக்கின் மின்சாரம் எதிர்த்திசையிலுமாக அக்குழாயைச் சுற்றி ஓடுகிறது. தராசின் தட்டுகள் சமமாக நிற்பதுபோல் இரு காந்த சக்திகளும் ஒன்றையொன்று ரத்து செய்யும்வரை அமைதி. ஒரு பல்பு போனதும் சமநிலை குலைந்து, இதழ்கள் சேர்ந்து, டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. பல்புகளை எப்போதும் ஜோடியாக, ஒரே ரகமாக மாற்ற வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆயினும் பழுதுபார்ப்பவரின் கைத்திறன் பூரணமாக வெளிப்படுவது, பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயில். எஞ்சின் காலையில் ஒழுங்காகக் கிளம்பும். சூடேறியபின் நடுவழியில் நிற்கும். ரிலேயை விரலால் தட்டினால் மறுபடி ஓடும். மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், செப்பும் சர்க்யூட் பலகையும் பற்றவைத்த ஈயமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கியதன் பலனாக, கம்பிமுனையைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற ஒரு வளையக் கீறல் பிரத்தியட்சமாகத் தெரியும். அதன்மேலேயே புது ஈயத்தை அப்புவது சோம்பேறித்தனம். பழையதை முற்றிலும் உறிஞ்சி எடுத்து, பிளக்ஸ் தடவி, கம்பிமுனையும் செப்பும் ஒருசேரச் சூடாகும்படி சால்டரிங் முனையைப் பிடித்து, பிறகே புது ஈயத்தை ஊட்ட வேண்டும். நிபுணர்கள் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவையை விரும்புவதன் காரணம், 183 டிகிரி செல்சியஸில் அது இடையே குழைந்து நில்லாமல் ஒரே கணத்தில் திரவத்திலிருந்து திடமாகிவிடுவதே. கை அசைந்து ஒட்டு கெடும் அபாயம் அதனால் குறைகிறது. பளபளப்போடும் கம்பியைத் தழுவி உட்குழிந்த சரிவோடும் நிற்கும் அந்த ஒட்டில் ஒரு சிற்பியின் லாகவத்தை நான் காண்கிறேன். மங்கிய நிறமும் சொரசொரப்பும் கொண்ட ஒட்டை நல்ல கைகள் தயங்காமல் உருக்கி மீண்டும் வைக்கின்றன.

மூடியை மாட்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டதும் வேலை தீர்ந்ததென்று அவர்கள் போய்விடுவதில்லை. குளிர்ந்த ரிலே முன்பும் ஓடத்தானே செய்தது! ஹேர் டிரையரால் அதைச் சுட வைத்து, பழைய பழுது தோன்றிய அதே வெப்பத்தில், தட்டியும் அசைத்தும், பம்பின் ஓசை அறுபடாமல் வருகிறதா என்று கேட்ட பிறகே காரை ஒப்படைக்கிறார்கள்.