கலகக்காரனின் கதையைக் கலெக்டர் எழுதினால்

1855 ஜூலையில் ராஜ்மகால் மலைப்பகுதியில் சந்தால் மக்கள் ஆயுதம் எடுத்தார்கள். நடந்ததை எழுதிவைத்தவர்கள் அவர்கள் அல்லர். அடக்க வந்த படையதிகாரிகளும் மாவட்ட நிர்வாகிகளும்தான். அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு எழுந்தவர்களின் மனத்தை அறிய முடியுமா? வரலாற்றாசிரியர் ரணஜித் குகாவின் சிறந்த எழுத்தெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

1923இல் இன்றைய வங்கதேசத்தின் பாகர்கஞ்ச் பகுதியில், நிலவாடகையில் வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படிக்கும்போதே கம்யூனிஸ்டானார். 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபின் கட்சியை விட்டார். 1963இல் வந்த முதல் நூல், ஜமீன்தார்களின் வரியை நிலையாக்கி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1793இல் நிறுவிய நிரந்தரத் தீர்வையின் சிந்தனைப் பின்னணியை ஆராய்ந்தது. தன் வீட்டுச் சோறு எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று தேடிப் போனவரின் நூல் அது. அதற்குள் அவர் இங்கிலாந்து போய்விட்டிருந்தார். 1970-71இல் காந்தியைப் பற்றி ஆராய இந்தியா வந்தவர், நக்சல்பாரி எழுச்சியால் ஈர்க்கப்பட்ட மாணவர்களோடு பழகி, காந்தியை ஒதுக்கிவிட்டு விவசாயக் கலகங்கள் பக்கம் திரும்பினார்.

அதன் விளைச்சல்தான் 1982இல் தொடங்கிய விளிம்புநிலை ஆய்வுத் தொகுதிகளும், 1983இல் வந்த விவசாயக் கலகம் பற்றிய பெருநூலும். இந்திய தேசியத்தின் வரலாறு மேட்டுக்குடியின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது என்பது அவற்றின் குற்றச்சாட்டு. ஆங்கிலேயர் அதிகாரிகளைப் பாடினார்கள், தேசியவாதிகள் தலைவர்களைப் பாடினார்கள். குடியானவன் இரண்டிலும் கும்பலாகவே நின்றான். எரிக் ஹாப்ஸ்பாம் போன்ற இடதுசாரி ஆசானே இத்தகைய கலகங்களை அரசியலுக்கு முந்தையவை என்றபோது குகா மறுத்தார். ஜமீன்தாரின் கச்சேரிக்குத் தீ வைப்பவனுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியும், தெரிந்துதான் வைக்கிறான்.

ஆவணத்தைப் படிக்கும் அவருடைய வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது. அறிக்கை ‘மதவெறியர்’ என்றால், ‘அட்டூழியம்’ என்றால், அந்த வசையைத் திருப்பிப் போட்டு அதற்கு அடியில் இருக்கும் எதிர்ப்பைப் படிக்கச் சொன்னார். அதிகாரியின் பயமே கலகக்காரனின் நோக்கத்துக்குச் சாட்சி. சந்தால் தலைவர்கள் சிதோவும் கானுவும் தங்களுக்காகத் தாகூர் என்னும் தெய்வமே போரிடுவார் என்றார்கள். ஆட்சியாளர்கள் அதை மூடத்தனம் என்றார்கள். பின்னால் வந்த முற்போக்கு வரலாற்றாசிரியர்களோ, பாமரரைத் திரட்டத் தலைவர்கள் செய்த உத்தி என்று சமாதானம் சொன்னார்கள். குகா இரண்டாவது சாராரிடம்தான் அதிகம் கோபப்பட்டார். கலகக்காரனின் நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டால் அவனுடைய கலகம் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம். நண்பர்களின் பரிவையும் சந்தேகிக்கும் இந்தக் கண்டிப்புதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பேன்.

பெருநூலில் ஒரு குறை உண்டு. 1783இன் ரங்கபூர் கிளர்ச்சியிலிருந்து 1900இல் முடிந்த பிர்சா முண்டாவின் எழுச்சிவரை எல்லாவற்றையும் ஆறே கூறுகளுக்குள் அடுக்கியதில் ஊர்களும் சாதிகளும் மங்கிவிடுகின்றன. பெண்கள் ஏறக்குறைய இல்லை.

1987இல் எழுதிய ‘சந்திராவின் மரணம்’ என்ற கட்டுரை அந்த இடத்தைத் தொடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வங்காளத்தின் பீர்பூமில், பாக்தி சாதியைச் சேர்ந்த சந்திரா என்ற பெண் உறவுக்காரன் ஒருவனால் கர்ப்பமானாள். கருவைக் கலை, இல்லையென்றால் வைணவ மடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அவன் சந்திராவின் தாயை மிரட்டினான். மருந்து கொடுத்தாள் அக்காள், சந்திரா இறந்தாள். மிஞ்சியது தலைப்பகுதி சிதைந்த சில வாக்குமூலங்கள். சட்டத்துக்கு இது கொலை, தாயும் அக்காளும் குற்றவாளிகள். அவர்கள் அவளை ஊர்விலக்கிலிருந்து காப்பாற்ற முயன்றார்கள் என்று குகா படிக்கிறார். பெரிய கோட்பாடு ஏதும் இல்லாமல், சில பக்கக் காகிதத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வாசகர் இங்கே தெரிகிறார். விளிம்புநிலை ஆய்வு என்றதும் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக்கை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைப் படிக்காமல் விடுவது வருத்தமே.

ஆறு தொகுதிகளோடு அவர் பதிப்பாசிரியர் பொறுப்பைக் கைமாற்றினார். பின்வந்தவர்களில் நம் தமிழ்நாட்டு ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியனும் ஒருவர், 2005இல் வந்த 12ஆம் தொகுதியின் பதிப்பாசிரியர்களில் அவர் பெயர் இருக்கிறது. இந்தத் தொகுதிகளின் குழுவில் முன்பு இருந்த வரலாற்றாசிரியர் சுமித் சர்க்காரோ, தொகுதிகள் வளர வளர விளிம்புநிலை மனிதனே அவற்றில் தேய்ந்துபோனான் என்று 1997இல் எழுதினார். உழைப்பும் வர்க்கமும் பின்னுக்குப் போய்ப் பண்பாடும் சொல்லாடலும் முன்னுக்கு வந்தன என்ற அவர் கணிப்பில் பெரும்பகுதி சரி. ஆனால் முதல் ஆறு தொகுதிகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

வியன்னா அருகே குடியேறிய முதுமையில் குகா வங்காள மொழிக்கே திரும்பி இலக்கியம் பற்றி எழுதினார். 2009இல் ஆனந்த புரஸ்கார் விருது பெற்றார். நூறு வயது நிறையச் சில வாரங்களே இருந்தபோது, 2023 ஏப்ரலில் மறைந்தார். 2002இல் வந்த நூலில், அரசின் கதையாகச் சுருங்கிய வரலாறு அன்றாட வாழ்வைத் தவறவிட்டது என்றும், அதை மீட்க ரவீந்திரநாத் தாகூர் போன்ற படைப்பாளிகளிடம் போக வேண்டும் என்றும் வாதிட்டார். அழகான வாதம்தான். ஆனால் பீர்பூமின் கிழிந்த காகிதத்திலிருந்து ஒரு தாயையும் அக்காளையும் மீட்டுக் காட்டியவருக்கு எந்தக் கவியின் சிபாரிசும் தேவைப்பட்டிருக்கவில்லை.