அரசனைக் கண்டிக்கும் வாழ்த்து

ஷாகாவைப் பற்றித் தேடினால் முதலில் வந்து விழுவது ரத்தம்தான். ஜூலு மக்களின் சிறு குலம் ஒன்றைச் சில ஆண்டுகளில் பேரரசாக்கியவர், 1828 செப்டம்பரில் சொந்தச் சகோதரர்களால் கொல்லப்பட்டவர். அவரைப் பற்றி முதலில் அச்சில் எழுதியவர்களில் ஒருவர் நத்தானியேல் ஐசக்ஸ் என்ற ஆங்கிலேய வணிகர். அவருடைய பயண நூல் 1836-இல் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு கூட்டாளி ஹென்றி ஃபின்னுக்கு ஐசக்ஸ் ஒரு கடிதம் எழுதுகிறார். நீயும் புத்தகம் எழுது, ஷாகாவையும் அடுத்து வந்த டிங்கானேயையும் முடிந்த மட்டும் ரத்தவெறியர்களாகக் காட்டு, புத்தகமும் பருக்கும், சுவாரசியமும் கூடும் என்பது அதன் சாரம். அந்த ஷாகாதான் நாவலுக்கும் சினிமாவுக்கும் போனார். 1986-இல் தென்னாப்பிரிக்க அரசுத் தொலைக்காட்சி எடுத்த தொடரும் வெள்ளை வணிகர்களின் கண் வழியாகத்தான் அவரைப் பார்த்தது.

இதற்கு எதிராக எழுந்த மிகப் பெரிய இலக்கியப் பதில் மஸிஸி குனேனேயின் 'எம்பரர் ஷாகா தி கிரேட்'. 1930-இல் டர்பனில் பிறந்த குனேனே 1959-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். லண்டனில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்காக வேலை செய்துகொண்டே ஜூலு மொழியில் எழுதினார். தன் காவியத்தைத் தானே ஆங்கிலமாக்கி 1979-இல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் தடை. பதினேழு காண்டங்கள். ஆங்கிலத்தில் படித்த எனக்கே மூச்சு வாங்கியது. போர்க்களக் காட்சிகளைவிட, சபையில் ஆட்கள் உட்கார்ந்து பேசும் பகுதிகள்தான் எனக்குப் பிடித்தவை. அங்கே ஷாகா ஒரு வெறியன் அல்ல. யோசிக்கிற, வாதாடுகிற அரசியல்வாதி.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அதைச் சொல்ல, குனேனே நின்ற நிலத்தைக் கொஞ்சம் பார்க்கணும்.

ஜூலு மக்களிடம் 'இசிபோங்கோ' என்றொரு வடிவம் உண்டு. வாழ்த்துப் பாடல் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் கிடைக்கும். ஒருவருக்குக் கிடைத்த பட்டப் பெயர்களின் தொடர் அது. போரில் என்ன செய்தார், யாரோடு சண்டை, நடை எப்படி, கோபம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அரசனுக்கு மட்டும் என்றில்லை. சாதாரண ஆட்களுக்கும், பெண்களுக்கும், ஏன் மாடுகளுக்கும்கூட இசிபோங்கோ உண்டு. கதை சொல்லாது, காரணம் சொல்லாது. புதிய பெயர் பழையதை அழிக்காமல் மேலே ஏறி உட்காரும். என் தொழில் பாஷையில் சொன்னால் கமிட் ஹிஸ்டரி மாதிரி, பிழைகளும் சேர்ந்தே நிற்கும். உடனே புறநானூற்றுக்கு ஓடிவிட வேண்டாம். இதை முதலில் இதாகவே பார்ப்போம்.

அரசவையில் இதைச் சொல்பவர் 'இம்போங்கி'. அவர் வேலை புகழ்வது மட்டும் இல்லை. ஷாகாவின் இசிபோங்கோவிலேயே ஓரிடம் வருகிறது: அரசே, உன் செயல் தவறு, உனக்குப் பாகுபாடு தெரியவில்லை, தாய்மாமன் வீட்டு ஆட்களைக்கூடக் கொல்கிறாய் என்கிற பொருளில். வாழ்த்தின் நடுவே, கொன்றவனின் முகத்துக்கு நேரே. அதைச் சொல்ல இம்போங்கிக்கு உரிமை இருந்தது. இந்தப் பாடலை எழுத்தில் பதிந்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற காலனிய அதிகாரி என்பது வரலாற்றின் குசும்பு. ட்ரெவர் கோப் பதிப்பித்து 1968-இல் வந்த தொகுப்பில் ஜூலு மூலமும் ஆங்கிலமும் எதிரெதிரே இருக்கின்றன.

இப்போது குனேனேக்கு வருவோம். காவியம் என்றால் கதை வேண்டும். கதை என்றால் ஒன்றுக்கு இன்னொன்று காரணமாக வேண்டும். பெயருக்கும் பெயருக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் நிரப்புகிறார். கொலை வந்தால் கூடவே நியாயமும் வருகிறது. காலனிய எழுத்தோடு வழக்காடும் வக்கீலுக்கு அது தேவைதான். ஐசக்ஸ் போன்றவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் பேசிய பிறகு, நாடு கடந்து உட்கார்ந்து எழுதுகிறவனிடம் போய் 'நீ ஏன் நடுநிலையாக இல்லை?' என்று கேட்பது அநியாயம். ஆனால் என் குறை நடுநிலை பற்றியது இல்லை. இம்போங்கிக்கு இருந்த கண்டிக்கும் துணிச்சல், அவருடைய வாரிசாக நிற்கும் கவிஞரிடம் சன்னமாகிவிட்டது என்பதுதான்.

தாமஸ் மொஃபோலோவின் 'சாகா' நாவல் நேர் எதிர். 1925-இல் சோத்தோ மொழியில் வந்தது. மொஃபோலோ ஜூலு அல்ல. அந்தக் காலத்துக் கொந்தளிப்பில் சிதறியவர்களைச் சேர்த்து உருவான சோத்தோ மக்களைச் சேர்ந்தவர். அவருடைய சாகா, இசானுசி என்ற மந்திரவாதி சொன்னபடி அதிகாரத்துக்காகக் காதலி நோலிவாவையே பலி கொடுக்கிறான். நோலிவா முழுக்கக் கற்பனைப் பாத்திரம். மிஷன் அச்சகத்து வாடையும் அடிக்கிறது, சரி. ஆனால் அடி வாங்கிய பக்கத்திலிருந்து பார்க்கும் கண் அதில் இருக்கிறது. குனேனேயிடம் நான் தேடியும் கிடைக்காதது அந்தக் கண்.

குனேனே 2006-இல் இறந்தார். ஜூலுவில் யோசித்து ஜூலுவில் எழுதிய இந்தக் காவியத்தின் ஜூலு மூலம் அச்சில் வந்தது 2017-இல், ஆங்கிலத்துக்கு முப்பத்தெட்டு வருடம் கழித்து. இத்தனை வருடமும் உலகம் விமர்சித்தது மொழிபெயர்ப்பைத்தான், நான் மேலே சொன்னதும் சேர்த்து. அந்த மூலத்தை ஓர் இம்போங்கி, மூச்சு விடாமல் சொல்லும் தன் வேகத்தில், டர்பனில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்லிக் கேட்க ஆசை. எந்த வரியில் கூட்டம் ஆரவாரிக்கிறது, எந்த வரியில் முணுமுணுக்கிறது என்று பார்க்கணும்.