தீ என்று சொல்லாத தீ

லண்டன் கிங்ஸ் கிராஸ் தீவிபத்து பற்றி டெஸ்மண்ட் ஃபென்னல் 1988-ல் கொடுத்த விசாரணை அறிக்கையை இப்போதுதான் முழுசாக வாசித்து முடித்தேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்: 'டிரெஞ்ச் எஃபெக்ட்'. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் அறிக்கையின் உயிர் அங்கே இல்லை என்பது என் கட்சி.

முதலில் இயற்பியல். எரிகிற தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடியுங்க, சட்டென்று விரலைச் சுடும். நிமிர்த்திப் பிடித்தால் சுடர் தயங்கித் தயங்கித்தான் இறங்கும், சிலசமயம் அணைந்தே போகும். "வெப்பம் மேலே போகும்" என்பது பாதி விடைதான். சூடான மரம் வெளிவிடும் வாயுதான் சுடராக எரிகிறது. மேலேறும் சுடர், இன்னும் பற்றாத மரத்தின்மேல் படிந்து அதையும் சூடாக்குகிறது. எரியும் பரப்பு கூடினால் சுடர் நீளும். நீண்ட சுடர் இன்னும் அதிகப் பரப்பைச் சூடாக்கும். நம்ம பாஷையில் பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப்.

1987 நவம்பர் 18 மாலை, பிக்கடில்லி லைனின் மர எஸ்கலேட்டருக்கு அடியில் விழுந்த தீக்குச்சி ஒன்று கிரீஸையும் குப்பையையும் பற்றவைத்தது. சுமார் 7:30-க்குப் பயணி ஒருவர் பார்த்துச் சொன்னார். 7:45-க்கு டிக்கெட் கூடம் முழுக்க நெருப்பு. 31 பேர் இறந்தார்கள். எஸ்கலேட்டரின் சாய்வு 30 டிகிரி, இரண்டு பக்கமும் தடுப்பு. அதனால் சுடர் கூரையைப் பார்த்து எழாமல் படிகளோடு படுத்து மேலே பாய்ந்தது. ஹார்வெல் ஆய்வகத்தின் கணினி மாதிரி இதைக் காட்டியபோது நம்பத் தயங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டி எரித்துப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

இதோடு நிறுத்திவிட்டு "யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது" என்று முடித்துக்கொள்வது சுலபம். ஃபென்னல் அப்படி விடவில்லை. அந்த நிர்வாகத்தில் 'தீ' என்ற சொல்லையே தவிர்த்து 'புகைச்சல்' என்று சொல்லிப் பழகியிருந்ததைப் பிடித்துக் காட்டுகிறார். எஸ்கலேட்டருக்கு அடியில் நீர் தெளிக்கும் அமைப்பு இருந்தது. அன்று யாரும் அதைத் திறக்கவில்லை. ஊழியர்களுக்குப் பயிற்சியும் போதவில்லை. புகைச்சல்தானே என்று பழகியவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? சுடர் படுத்துப் பாயத் தொடங்கிய பிறகு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதற்கு முந்தின கால் மணி நேரம்தான் மனிதர் கையில் இருந்தது.

குறை என்றால் ஒன்று சொல்வேன். கடைசியில் 157 பரிந்துரைகள். அந்த நீளத்தில் முன்பக்கங்களின் கூர்மை எனக்குக் கரைந்துபோனது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் சர்வர் மொத்தமாகப் படுத்தாலும் "சிறு தொய்வு" என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுவோம். நானே எழுதியிருக்கேன். அதனால்தான் அந்தப் 'புகைச்சல்' பக்கத்தைத் தாண்டிப்போக எனக்கு ரொம்ப நேரமானது.