பாடுகிற உளவாளியை நம்பலாமா?

உளவாளியின் வேலை யார் கண்ணிலும் படாமல் இருப்பது. தமிழ் சினிமா ஹீரோவின் வேலை, வரும்போதே ஊருக்குத் தெரிவது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு இசையமைப்பாளரைக் கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? ஜேம்ஸ் பாண்டுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 1962இல் ‘டாக்டர் நோ’வில் ஒலித்த அந்த கிதார், ரகசிய ஏஜென்ட் வருவதை இன்னமும் தண்டோரா போட்டுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது: பாட்டு.

நம் படங்களில் பாட்டு என்பது வாக்குமூலம். வசனத்தில் காதலை மறைக்கிறவன் டூயட்டில் மாட்டிக்கொள்வான். பார்ட்டியில் பியானோ முன் உட்கார்ந்தவன் மனசில் இருப்பதைக் கொட்டாமல் எழுந்திருக்க மாட்டான். பாடுகிறான் என்றால் உண்மையைச் சொல்கிறான் என்று நமக்கும் பழகிவிட்டது.

1954இல் வந்த ‘அந்த நாள்’ இந்தக் கதவைச் சாத்திவிட்டது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். அத்தனை பெரிய இசைக்கலைஞர் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். ‘துணிச்சல்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கென்னவோ அது கதையின் தேவையாகத்தான் படுகிறது. 1943, ஜப்பான் குண்டு வீசிய சென்னை. ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். விசாரணையில் ஆளாளுக்கு ஒரு ராஜனைச் சொல்கிறார்கள். அவன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன், குண்டு பாய்ந்தது மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியும். நடுவில் ஒரே ஒரு டூயட் வந்திருந்தால் போதும், அவன் மனசு நமக்குத் தெரிந்துபோயிருக்கும். கூடவே வாழ்ந்த உஷாவுக்கே பிடிபடாத ஆள் அவன். நமக்கு மட்டும் எதற்குச் சலுகை?

எங்கள் மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வளர்ந்த சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ 1986இல் நேர்எதிர்த் திசையில் போனது. கடத்தப்பட்ட ஏவுகணை, கம்ப்யூட்டர், அதற்கேற்ற எலெக்ட்ரானிக் ஒலிகளோடு இளையராஜாவின் டைட்டில் பாட்டு. பாடியவர் கமல். ரகசிய ஏஜென்டின் பெயரையே திரும்பத் திரும்ப உரக்கச் சொல்லும் பாட்டு! ஐடி ஆள் கண்ணுக்கு இது செக்யூரிட்டி லீக். ஆனால் ஒரு புதிய இயந்திர யுகத்தின் மிடுக்கு அதில் இருக்கிறது. மர்மம்தான் இல்லை.

2013, ‘விஸ்வரூபம்’. அதே கமல் குரல், இந்த முறை ஷங்கர் மகாதேவனோடு. ஷங்கர்-எஹ்சான்-லாய் இசைக்கு, பிர்ஜு மகாராஜ் அமைத்த கதக் அசைவுகள். இந்த மென்மையான நாட்டிய ஆசிரியரை யார் சந்தேகப்படுவார்கள்? பிறகு கட்டப்பட்ட கைகளோடு தொழுகை, அடுத்த சில நொடிகளில் அத்தனை பேரும் தரையில். அப்போதுதான் புரிகிறது, பாட்டே ஒரு மாறுவேஷம். நம் பழக்கத்தை வைத்தே நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதக் போலி இல்லை. மறைக்க வந்த பாட்டில் அவனுடைய நிஜமான ஒரு பகுதியும் இருந்தது. அதனால்தான் அது வலிக்கிறது.

2022 ‘விக்ரம்’ இரண்டு பாடத்தையும் படித்துவிட்டு வந்த படம். ‘பத்தல பத்தல’ எழுதியது கமல், அனிருத்தோடு சேர்ந்து பாடியதும் அவர்தான். ஆடுகிற கர்ணனைக் குடிகாரன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கர்ணன் கொல்லப்பட்டபின் அமர் (ஃபகத் ஃபாசில்) விசாரிக்கிறான். ஆளாளுக்கு ஒரு கர்ணன். கிட்டத்தட்ட ‘அந்த நாள்’! இடைவேளைவரை அந்தப் பாட்டு எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று நாமும் கூடவே துப்பறிகிறோம்.

இடைவேளையில் முகமூடி கழல்கிறது. அனிருத் மறுபடி பெயரை முழங்க ஆரம்பிக்கிறார். தியேட்டரே விசிலடித்தது, நானும் அடித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் மிச்சமில்லை. பேரனும் மகனின் சாவும் தரும் பாரத்தைக்கூட இசை சீக்கிரமே மாஸாக மாற்றிவிடுகிறது. ராஜனைப் பற்றி அப்படி ஒருபோதும் நிம்மதியாக இருக்க முடியாது. ‘விக்ரமு’க்கு 68 வருடம் முன்னால் வந்த படம், அவனுக்கு ஒரு பாட்டுக்கூடக் கொடுக்கவில்லையே.