வட்டமாய் விழும் வலை

வீச்சுவலைக்காரரின் கைத்திறனைக் காதாலேயே எடைபோடலாம். வலையின் விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டால் ‘சல்’லென்று ஒரே ஓசை எழும். கை பழகாதவர் வீசினால் குண்டுகள் முன்னும் பின்னுமாகச் சடசடத்து விழும். வட்டம் கோணிப்போய், கோணிய பக்கமாக மீன் நழுவிவிடும்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் இரண்டு இடங்களில் தேங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம் அருகே 46 அடிக் கோமுகி அணை. இன்னொன்று 36 அடி மணிமுக்தா அணை. இந்தத் தண்ணீர் வழியிலுள்ள ஏரிகளை நிரப்பி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. கடல் அலையைப் பார்க்காத இப்படிப்பட்ட உள்நாட்டு நீர்நிலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் செம்படவர்கள். ஆண்கள் வலை வீச, பெண்கள் மீனைத் தெருவில் கூவி விற்க, வீட்டுத் திண்ணையே பட்டறையாக நடந்த குடும்பத் தொழில் அது.

வீச்சுவலையின் அழகு பின்னலிலேயே தொடங்கிவிடுகிறது. உச்சியில் சில கண்களோடு ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று கண்களைக் கூட்டிக்கொண்டே இறங்க வேண்டும். கணக்கு தவறினால் வலை குடையாக விரியாமல் சுருங்கி நிற்கும். நைலான் வருவதற்கு முன் பருத்தி நூல்தான். அது தண்ணீரில் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றிலோ ஆவாரம்பட்டைச் சாயத்திலோ ஊறவைத்தார்கள். இன்று நூல் மாறிவிட்டது. கண் கூட்டும் கணக்கு மாறவில்லை.

வீசுவதற்கு வலிமையைவிட நிதானம்தான் வேண்டும். கயிற்றின் நுனி மணிக்கட்டில். வலையில் ஒரு பங்கு முழங்கையில், மற்றது விரல்களில். சிலர் விளிம்பைப் பல்லிலும் கவ்விக்கொள்வார்கள். இடுப்பைத் திருப்பி, உடல் சுழலும் வேகத்தில் எல்லாவற்றையும் ஒருசேர விடுவிக்க வேண்டும். குண்டுகள் தரை தட்டும்வரை கயிற்றை இழுக்கக் கூடாது. அந்தப் பொறுமை இல்லாதவருக்குக் கிடைப்பது வெறும் வலைதான்.

நான் இந்தக் கலையை மதிப்பதற்கு முதற்காரணம் அதன் அளவு. வட்டத்துக்குள் அகப்பட்டதுதான் அந்த வீச்சின் வருமானம். கண் அகலமாக இருந்தால் குஞ்சுகள் தப்பித்துக்கொள்ளும். சினைமீனைக் கையில் எடுத்து உயிரோடு திரும்ப விடலாம். வெடியும் நஞ்சும் போட்டுப் பிடிப்பவனுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே இரண்டையும் தடுத்திருக்கிறது. முட்டையிட எதிரேறி வரும் மீனைப் புதுவெள்ளத்தில் வழிமறித்து அள்ளுவதும் அடுத்த வருஷத்து மீனை அழிப்பதுதான்.

தேர்ந்த கைக்கு மீனின் குணமும் தெரியும். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். இந்தப் பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, ஊசிமருந்து செலுத்திக் கெண்டையை முட்டையிடவைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சுகள் நம் ஏரிகளுக்குத் தாராளமாக வந்தன. குஞ்சு விட்டு, வளரவிட்டு, பெரியதை மட்டும் எடுப்பதே இங்கே நிலைக்கக்கூடிய தொழில்.

அதற்குக் காலம் வேண்டும். ஒரே பசலி ஆண்டுக்கு மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு, ஏரி வற்றுமுன் அத்தனையையும் வாரிவிடத்தான் மனம் வரும். அதே ஏரி பல ஆண்டுக் குத்தகையாக உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருந்தால், இன்று விட்ட குஞ்சு நாளைக்கு நம் வலைக்கு என்ற நம்பிக்கையில் கை தானே அடங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஏரிகளை ஏலத்துக்கு விடுபவர்கள் தொகையோடு இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாங்கும் நாமும் விரல்நீளக் குஞ்சுமீனை வேண்டாம் என்று சொல்லப் பழகுவோம்.