நம்பத் தகுந்த கதை

இலக்கியம் என்று யாரும் கருதாத ஓர் எழுத்து வகையைப் பற்றி இந்தத் தடவை எழுத விரும்புகிறேன். அதை எழுதுகிறவர்கள் மனோதத்துவ நிபுணர்கள். படிக்கிறவர்கள் ஒரு நீதிபதி, இரண்டு வக்கீல்கள், ஒரு சர்க்கார் அதிகாரி, அவ்வளவுதான். அது அச்சேறுவதில்லை, அதற்கு மதிப்புரை எழுதுகிறவர்களும் கிடையாது. ஆனால் ஒரு நாவல் தோற்றுப்போனால் ஆசிரியனுக்கு மனவருத்தம் மட்டுமே மிச்சம். இந்த எழுத்து தோற்றுப்போனால் ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றி, எந்த இடத்திலிருந்து உயிர் தப்பி ஓடிவந்ததாகச் சொன்னானோ அந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேற்று நாட்டில் அடைக்கலம் கேட்கிறவனின் மனநிலையைப் பரிசோதித்து, அவன் வழக்குக்காக எழுதப்படுகிற அறிக்கையைத்தான் சொல்கிறேன்.

எனக்கு இதில் அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. சில வருஷங்களுக்கு முன்பு ஐரோப்பிய நகரம் ஒன்றில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அப்போது யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் பழக்கமானான். அடைக்கலம் கேட்டு மனுப் போட்டிருந்தான். வக்கீலிடம் கொடுப்பதற்காகத் தன் கதையைத் தமிழில் எழுதி வைத்திருந்தான். "நீங்கள் எழுத்தாளர்தானே ஐயா, ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ" என்றான்.

பார்த்தேன். கதை நடுவில் ஆரம்பித்தது. தன்னை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. மூன்று தடவை என்று இன்னோரிடத்தில். அடைத்து வைத்திருந்த அறையைப் பற்றி நாலு வரி. அறைக்கு மேலே தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். நாவல் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? மாதங்களை வரிசைப்படுத்தினேன். இரண்டா மூன்றா என்று கேட்டு ஒன்றை நிச்சயப்படுத்தினேன். மழையை இரண்டு வரியாகக் குறைத்தேன். பொய்யாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். "நல்லா வந்திருக்கு ஐயா" என்றான் அவன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு அதிகாரிகள் அவனை நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே அவன் தன் பழைய வழியிலேயே சொன்னான். மழை திரும்ப வந்தது. மாதங்கள் இடம் மாறின. இரண்டு மறுபடி மூன்றாயிற்று. எழுதிக் கொடுத்ததற்கும் வாயால் சொன்னதற்கும் பல முரண்பாடுகள் இருப்பதால் மனுதாரர் நம்பத் தகுந்தவரல்ல என்று பதில் வந்தது. அந்த முரண்பாடுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

மேல்முறையீட்டுக்காக வக்கீல் அவனை ஒரு மனோதத்துவ நிபுணரிடம் அனுப்பினார். வயதான அம்மாள். மூன்று நாள் அவனோடு உட்கார்ந்து பேசி, இருபது பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் ஆங்கிலப் பிரதியை அவன் எனக்குக் காட்டினான். அதிலிருந்துதான் இந்த எழுத்து வகையை நான் படிக்க ஆரம்பித்தது.

இதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் நிபுணரின் படிப்பும் அனுபவமும். பிறகு எந்தெந்தத் தஸ்தாவேஜுகளைப் பார்த்தார், எத்தனை மணி நேரம் பேசினார், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பவை. அடுத்து வந்தவனின் வாழ்க்கை வரலாறு. அதற்கப்புறம் அவன் எப்படி உட்கார்ந்தான், கண்ணைப் பார்த்துப் பேசினானா, எந்த இடத்தில் பேச்சு நின்றது என்கிற நேர்க் காட்சி. பிறகு கேள்வித்தாள். அதிகம் வழங்குகிற ஒரு கேள்வித்தாளில் 20 கேள்விகள்; கடந்த ஒரு மாதத்தில் கெட்ட கனவு எவ்வளவு தொந்தரவு கொடுத்தது என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண் போடவேண்டும். கடைசியில் நோயின் பெயர், பொய் சொல்லியிருக்கக்கூடுமா என்ற ஆராய்ச்சி, நிபுணரின் முடிவு. தம்முடைய கடமை நீதிமன்றத்துக்கே தவிர, பணம் கொடுத்த கட்சிக்கு அல்ல என்ற உறுதிமொழியோடு பல நாடுகளில் அறிக்கை முடிகிறது.

இதில் எண்களும் நோய்ப் பெயரும் எனக்குச் சுவைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் எழுதிய வாழ்க்கை வரலாற்றுப் பகுதியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வெட்டி எறிந்த மழையை அவர் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். அடி விழுந்த நாளின் தேதி இவனுக்கு நினைவில்லை, ஆனால் கூரைச் சத்தம் இம்மி பிசகாமல் நினைவிருக்கிறது. பேரச்சத்தில் பதிகிற நினைவின் லட்சணமே இதுதான் என்று விளக்கியிருந்தார். இரண்டா மூன்றா என்பதை அவர் நிச்சயப்படுத்தவே இல்லை. இரண்டு விதமாகவும் சொல்கிறான் என்றே எழுதி, ஏன் அப்படிச் சொல்லக்கூடும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இது அவருடைய தனி அபிப்பிராயமும் அல்ல. 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஜேன் ஹெர்லிஹி என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கொசோவோவிலிருந்தும் போஸ்னியாவிலிருந்தும் வந்த 39 அகதிகளை இரண்டு தடவை பேட்டி கண்டு, ஒரே சம்பவத்தைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். இவர்களுக்குத் தங்கியிருக்க அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அப்படியும் இரண்டு சொல்லுக்கும் இடையில் வேறுபாடுகள் இருந்தன. சம்பவத்தின் மையத்தைவிட ஓரங்களில் வேறுபாடு அதிகம். மனக்காயம் ஆழமாக இருந்தவர்களிடம், இரண்டு பேட்டிகளுக்கும் நடுவே நாள் ஆக ஆக அதுவும் அதிகமாயிற்று. உண்மை சொல்கிறவன் மாற்றிச் சொல்வான் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் விசாரிக்கிற அதிகாரி வேறு விதமான வாசகர். அவர் எதிர்பார்ப்பது ஆரம்பம், நடு, முடிவு உள்ள கதை. தேதிகள் பொருந்தவேண்டும். முன்னால் சொல்லாத விஷயம் பின்னால் வரக்கூடாது. பாத்திரங்கள் காரணத்தோடு நடந்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் கட்டுக்கோப்பான நாவலுக்கு உரிய லட்சணங்கள். நாங்கள் நாவலாசிரியர்கள் நூறு இருநூறு வருஷமாகப் பாடுபட்டு, பொய்யை நம்பவைப்பதற்காகக் கண்டுபிடித்து வைத்த உத்திகள். அவற்றையே உண்மைக்கு உரைகல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! நன்றாகப் புளுகத் தெரிந்தவன் தேறிவிடுவான், அடிபட்டவன் தோற்பான்.

நம்முடைய சிலப்பதிகாரத்திலும் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்தவள் அரசன் முன் நின்று முறையிடுகிறாள். அவள் கண்ணீரும் சொல்லும் மட்டும் அந்த வழக்கை முடிக்கவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகுதான் முடிகிறது. இன்றைக்கு நீதிமன்றத்தில் நிற்கிற அகதியிடமும் அந்த மாணிக்கத்தைத்தான் கேட்கிறார்கள். சிலரிடம் அது தழும்பாக இருக்கிறது. அதற்கும்கூட உடனே மதிப்புக் கிடைத்துவிடுவதில்லை. இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட தழும்புகள் இருந்தன. வழக்குக்காக அவரே இன்னொருவரைக் கொண்டு சுடச்செய்திருக்கலாம் என்று கீழ் மன்றம் நினைத்தது. 2019 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. தன்னையே அப்படிச் சுடவைத்துக்கொள்பவர்கள் மிக மிக அரிது என்பதைக் கணக்கில் எடுக்கவேண்டும். மனுதாரர் சொல்லும் காரணத்தோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு என்றது. கண்ணுக்குத் தெரிகிற தழும்புக்கே இந்தப் பாடு. மனத்தை உடைத்துக் காட்ட முடியாது. அதனால்தான் நிபுணரின் அறிக்கை வேண்டியிருக்கிறது.

அதற்காக இந்த எழுத்தை முழுக்கப் புகழ்ந்துவிடவும் நான் தயாராக இல்லை. எல்லைக் காவலில் மனோதத்துவம் முதலில் நுழைந்தது ஆட்களைத் தடுப்பதற்காகத்தான். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் இறங்கியவர்களில் மனக்குறை உள்ளவர் என்று சந்தேகப்பட்டவரின் சட்டையில் சாக்குக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். மந்த புத்திக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம். ஹோவர்டு நாக்ஸ் என்ற மருத்துவர் 1912 முதல் சில வருஷங்கள் அங்கே இருந்து, மொழி தெரியாதவர்களைச் சோதிப்பதற்காக மரக்கட்டைச் சோதனைகள் செய்தார். மருத்துவர் நாலு கட்டைகளை ஒரு வரிசையில் தட்டிக்காட்டுவார். வந்தவரும் அதே வரிசையில் தட்டவேண்டும். வாரக்கணக்கில் கப்பலில் குலுங்கி வந்த ஒரு குடியானவனை நினைத்துப் பாருங்கள்.

அது பழங்கதை என்றும் சொல்ல முடியாது. 2015இல் நைஜீரியாக்காரர் ஒருவர், ஆணை விரும்பும் ஆண் என்பதால் ஊரில் தமக்கு ஆபத்து என்று சொல்லி ஹங்கேரியில் அடைக்கலம் கேட்டார். அவர் சொன்னதில் அடிப்படை முரண்பாடு இருப்பதாக அதிகாரிகள் சொல்லவில்லை. ஆனால் மனோதத்துவச் சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். என்ன சோதனை? மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பது; மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொல்வது! 2018 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இம்மாதிரிச் சோதனைகளால் ஒருவரின் விருப்பத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தியது. ஒரே மழைதான். ஒரு நிபுணர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார். இன்னொரு நிபுணர் அதை வரையச் சொல்லி ஆளை அளந்தார். முன்னவர் வாசகர். பின்னவர் தாமே கதை கட்டுகிறவர்.

வழக்குக்கு ஆதரவாக எழுதப்படும் அறிக்கைகளிலும் கதை கட்டுகிறவர் நுழைந்துவிடுவதுண்டு. பெயரையும் ஊரையும் மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற அறிக்கைகள் இருக்கின்றன என்று வக்கீல்களே சொல்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கனவு, ஒரே நடுக்கம். இது கலைக் குறை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நோய் இருந்தால்தான் அடிபட்டது உண்மை என்று ஆகிவிட்டால், அடிபட்டும் திடமாக நிற்கிறவன் கதி என்ன? சித்திரவதையை எப்படிப் பதிவுசெய்வது என்று 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, 2022இல் திருத்தியும் வெளிவந்தது. சித்திரவதைப்பட்ட எல்லோருக்கும் மனநோய் வருவதில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு கிளை உண்டு. அனுமதியில்லாமல் நெடுநாள் தங்கியவர் தடை நீக்கம் கேட்டால், அவர் படும் கஷ்டம் கணக்கில்லை. அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ உள்ள கணவனோ மனைவியோ பெற்றோரோ பிரிவினால் மிதமிஞ்சிய துன்பம் அடைவார் என்று காட்டவேண்டும். சாதாரணப் பிரிவுத் துயரம் போதாது. அதற்கும் நிபுணர் அறிக்கை வைக்கிறார்கள். "அவர் போனாலும் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துக்கொள்வேன்" என்கிற தைரியசாலி மனைவி கணவனை இழக்கிறாள். இடிந்துபோகிறவள் ஜயிக்கிறாள். இப்படிப்பட்ட சட்டத்துக்கு அறிக்கை எழுதுகிற நிபுணருடைய தர்மசங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் தைரியத்தை மறைத்து எழுதுகிற கணத்தில் அவர் சாட்சியாக இல்லாமல் நாவலாசிரியராகிவிடுகிறார்.

ஆக, நல்ல அறிக்கை எது என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். அதில் இன்னாருக்கு மட்டுமே உரிய ஒரு விவரமாவது இருக்கவேண்டும். பொருந்தாததை மறைக்கக் கூடாது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். கடைசித் தீர்ப்பை நீதிபதிக்கு விட்டுவிட வேண்டும். சுருங்கச் சொன்னால், நல்ல விமர்சகனுக்குள்ள குணங்கள். கதையை நன்றாக ஆக்குவதல்ல அவன் வேலை, இருக்கிறபடி படிப்பது.

அந்த இளைஞனின் வழக்கு ஜயித்தது. அறிக்கையினாலா, வேறு காரணத்தினாலா என்று தீர்ப்பைப் படித்தும் எனக்கு நிச்சயமாகவில்லை. அறிக்கையைப் பற்றி அவனையே கேட்டேன். நோயின் பெயர் எழுதியிருந்த பக்கத்தைத் தொட்டு, "இது ஆரோ வேற ஆளின்ர கதை மாதிரிக் கிடக்கு ஐயா" என்றான். பிறகு நாலு பக்கம் முன்னால் புரட்டி, "ஆனா மழையை எழுதியிருக்கிறா" என்றான். என் திருத்தத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

இப்போதும் யாராவது தம் சொந்தக் கதையை எழுதிக்கொண்டு வந்து திருத்தித் தரச் சொல்கிறார்கள். வாங்கிப் படிக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்து அனுப்புகிறேன்.