மஸ்கராவும் பபூனும்

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பது நீங்காத வழக்கம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை அது நடைபெறும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ என்று சுவரொட்டி கூறும். ஆயினும் நள்ளிரவு நெருங்கும்வரை வள்ளியும் வாராள், வேலனும் வாரான். அதுகாறும் மேடை பபூனுக்கே உரியது. அந்தப் பொழுதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். மார்க்கம் அறிந்த நம்மவர் ‘லஹ்வு’ என்னும் ஒரு சொல்லால் அதனை ஒதுக்குவர். நாடக வரலாறு எழுதுவோர் ‘கொச்சை’ என்று கூறிக் கடந்து செல்வர். ஒதுக்குதல் வேறு, ஆராய்தல் வேறு.

பபூன் என்பது ஆங்கிலம் தந்த பெயர். ஆள் நம்முடையவன்தான்; தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் கோமாளிக்கும் உறவினன். 1790இல் கும்பினியார் கைப்பட்ட திண்டுக்கல், 1866இல் நகராட்சியாயிற்று. 1875இல் ரயில் வந்தது. ரயில் வழியே நாடகக் குழுக்கள் ஊர் ஊராய்த் திரிந்தன. பார்சிக் குழுக்களின் வண்ணத் திரையும் ஹார்மோனியமும் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்தன. சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவரைப் பயிற்றி, மேடையைப் பாடத்துக்குக் கட்டுப்படுத்தினார். ஸ்பெஷல் நாடகமோ அவர் பாட்டை வைத்துக்கொண்டு அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திப்பர். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பாடம் உண்டு. பபூனுக்கு நாவே பாடம்.

எழுதப்படாத நகைச்சுவை என்பதனால் அது இழிந்ததாகிவிடாது. எழுதப்பட்ட நகைச்சுவையில் நம் முன்னோர் எவ்வளவு துணிந்தனர் என்பதை அரபி மத்ரஸாவில் ஓதியவர் அறிவர். பஸராவின் ஹரீரி (இறப்பு 1122) இயற்றிய ஐம்பது மகாமாக்களையும் நாம் இலக்கணப் பயிற்சிக்கென்றே ஓதுகிறோம். அவற்றின் நாயகன் ஒரு புரட்டன் என்பதை மறந்துவிடுகிறோம். முதல் மகாமாவில் அபூ ஸைத் ஸன்ஆ நகரில் கேட்போர் உருகி அழும்படி உபதேசம் செய்கிறான். கதை சொல்பவர் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், அவன் குகையில் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுவுமாக அமர்ந்திருக்கிறான்! அங்கே நகைக்கப்படுபவன் உபதேசி; அவனை நம்பி அழுத நாமும்தான். மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராய் வாழ்ந்த இப்னு தானியால் நிழற்கூத்துக்கே நூல் எழுதினார். அவற்றுள் முதலாவதன் நாயகன், கூச்சமற்ற பேச்சும் ஆட்டமும் முடிந்தபின் தவ்பா செய்து ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறான். நம் கீழக்கரை வள்ளலைப் பாடிய ‘சீதக்காதி நொண்டி நாடக’த்திலும், குதிரை திருடப் போய் உறுப்பிழந்த கயவன் வள்ளலின் உதவியால் மக்கா சென்று நலம் பெறுகிறான். கெய்ரோவைக் கீழக்கரை அறிந்திருக்கவேண்டும் என்பதில்லை. நொண்டி நாடகம் தமிழில் தனிவகை. இருப்பினும் கயவனைத் தன் கதையைத் தானே சொல்லவிட்டு, அவன்மீதே நம்மைச் சிரிக்கவைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

இந்த அளவுகோலைப் பபூனிடம் கொண்டுவருவோம். தனியே தோன்றிப் பாடும் தொடக்கத்தில் அவன் அபூ ஸைதின் தம்பி. தன் வறுமையையும் தோல்வியையும், அழைத்த ஊராரின் கஞ்சத்தனத்தையும் ஒருசேர எள்ளுவான். பின்னர் நடனப் பெண் வருகிறாள்; வழியில் இருவரும் மோதிக்கொள்கின்றனர்; இரட்டைப் பொருட் பேச்சு தொடங்குகிறது. அப்போது நகையின் திசை மாறிவிடுகிறது. பபூன் ஆண்கள் பக்கம் திரும்பி இரகசியம் சொல்வதுபோல் உரக்கச் சொல்வான். அவள் கேளாதவள்போல் நிற்கவேண்டும். இராப்பொழுதில் சிரித்த கூட்டம் மறுநாள் அவளுக்கு வாடகை வீடு கொடுக்கத் தயங்கும். பழி அவளோடு போகிறது. பபூனுக்குப் பாராட்டும் பணமும் எஞ்சுகின்றன.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராம் வசனம் பரிகாசத்தை விலக்குகிறது. ஆடவரைச் சொல்லியபின் பெண்டிரைத் தனியே எடுத்துச் சொல்வது அதன் சிறப்பு. அங்கு வரும் ‘யஸ்கர்’ என்னும் வினையின் வேரிலிருந்தே, கோமாளியைக் குறிக்கும் ‘மஸ்கரா’ பிறந்தது. ஐரோப்பியர் முகமூடிக்கு இட்ட பெயரே இதிலிருந்து போனது என்பாரும் உண்டு. அது சொல்லாராய்ச்சியாளர் தீர்க்கவேண்டிய வழக்கு. அவ்வசனம் விலக்குவது சிரிப்பையன்று, பிறரைத் தாழ்த்தும் சிரிப்பையே. ஆகவே பபூனின் மேடையில் ஹராம் எது என்று கேட்போர் ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் நோக்கிவிட்டு, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை நோக்காமல் விடுவது எனக்கு விளங்கவில்லை.

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் மூட வேலைக்காரனைக் கண்டு சிரிக்கிறோம், அவனுக்குக் குறையாத மூடராகச் செல்வந்த எசமானரும் நிற்கிறார். அதனாலேயே 1941இல் திரைப்படமான பின்பும் அது கசக்கவில்லை. ஸ்பெஷல் நாடகத்திலும் அதற்கு வழியுண்டு. ஒத்திகை இல்லாத மேடையில் பபூனுக்குள்ள உரிமை நடனப் பெண்ணுக்கும் உண்டு. நாவன்மையுள்ள ஒருத்தி வாய்த்துவிட்டால் ஆண் உயர்ந்தவனா, பெண் உயர்ந்தவளா என்ற வாதத்தில் அவனைக் கேள்விக்குமேல் கேள்வி கேட்டு மடக்குவாள். பபூன் விழிப்பான், ஹார்மோனியக்காரர் சிரிப்பார், பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து அப்போதுதான் முதன்முறையாகச் சிரிப்பொலி எழும்.